மெஹ்ஃபில் என்று அழைப்பிதழில் போட்டாயே

இதை நீ ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்து, ஓரிடத்தில் உட்கார்ந்து படி. அம்மா திடீரென்று தாளும் பேனாவும் எடுத்துக் கூரியரில் கடிதம் அனுப்புகிறாளே, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறவும் பதறாதே. அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். இந்த நிமிஷம்கூட கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டுகிறேன் பேர்வழி என்று பழைய கம்பிகளைக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார், காலில் குத்தாமல் நடக்க முடியவில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் இந்த ஒன்பது வருஷத்தில் நான் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து மூன்று தடவை காபி குடித்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரியோடு வாசலில் நின்று காரணமே இல்லாமல் சிரித்தேன். அவ்வளவு லேசாக இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள் நீ "விடும்மா" என்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம். எதிரே இருப்பவர் சங்கடப்பட்டால் உனக்குப் பொறுக்காது, என்ன ஏது என்று கேட்காமலேயே மன்னித்துவிடுவாய். நல்ல குணம்தான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அந்த "விடும்மா" வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டு, அதற்கப்புறம் விடுவதா பிடித்துக்கொள்வதா என்று நீயே முடிவு செய். உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த புத்தி. நடுவில் ஒரு ஸ்டெப் விட்டால் எனக்கு விடை வராது.

போன வாரம் கல்யாண அழைப்பிதழை அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி அனுப்பினாய் அல்லவா? கோவில் நேரம் சரி, மண்டபம் சரி, உன் மாமனார் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தினேன். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தாய். "திருமணத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு, சாந்தோம் இல்லத்தில் மெஹ்ஃபில்." அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பையன் மறக்கல! ஆர்கெஸ்ட்ரா, டீஜே எல்லாம் வேணாம்னு சொன்னப்பவே நினைச்சேன்" என்று குதித்தார். நான் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் நான் வாய் திறந்து சொல்லாத வார்த்தை அது. அப்பா இரண்டொரு தடவை சொல்ல வாயெடுத்தபோதுகூட "பாட்டுக் கூட்டம்னு சொல்லுங்களேன், என்ன கெட்டுப் போச்சு" என்று மடக்கியிருக்கிறேன். நீ அதை அச்சடித்து ஊருக்கே கொடுக்கப் போகிறாய்.

அந்த வார்த்தையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யூசுப் மாமா. ராயப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டி, ஒரு ஆள் அகலத்துக்குத் தையல் கடை வைத்திருப்பவர். நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசைக்கு வெள்ளை கோட்டு தைக்க அவரிடம்தான் கொடுத்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் அவரே சைக்கிளில் எடுத்துக்கொண்டு வந்தார். நான் தற்செயலாகக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மனிதர் கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரமாக நிற்கிறார். உள்ளே அப்பா மறுநாள் பூசைக்குப் பாடகர் குழுப் பாட்டைக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? மணி அடிக்க வேண்டியதுதானே?" என்றேன். "பாட்டு ஓடிக்கினு இருந்துச்சு மா. நடுவுல மணி அடிக்கலாமா, பாவம் இல்ல?" என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளே கூப்பிட்டேன். மூலையில் உன் தாத்தா விட்டுப்போன ஹார்மோனியம் தூசி படிந்து கிடந்தது. "இத்த யாரும் தொடறதில்லையா?" என்று கேட்டவர், துடைத்து, துருத்தியைத் திறந்து, அப்பா நிறுத்திய இடத்திலிருந்து அந்த மாதா பாட்டையே வாசித்தார். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ பார்த்தாய்தான், ஆனால் உன் கவனமெல்லாம் கோட்டுப் பையில் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஒருநாள் "இதுக்கு இன்னா மா பேர் வெச்சிருக்கீங்க?" என்றார். பேரா, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, அவ்வளவுதான் என்றேன். "எங்க வூட்ல இத்த மெஹ்ஃபில்னு சொல்வாங்க." எனக்கு விடுமா? ஸ்கூல் லைப்ரரியில் அகராதியைப் புரட்டினேன். கூட்டம், சபை, கூடுமிடம் என்று போட்டிருந்தது. போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "புக்குல அப்டிதான் போடுவான். கச்சேரின்னா பாட்றவருக்கு மேடை, கேக்கறவங்களுக்கு டிக்கெட்டு, நடுவுல நாலடி கேப்பு. மெஹ்ஃபில்ல அந்த கேப்பு கெடயாது மா. பாட்றவன் தப்பு பண்ணா கேக்கறவன் தாங்கிக்குவான். உக்காந்துகினு கீறவங்க அத்தினி பேரும் சேந்துதான் மெஹ்ஃபில். ஒருத்தர் மனசு வேற எங்கியாவது கீதுன்னு வெச்சிக்க, பாட்டு எறங்காது."

அதற்கென்று சில வழக்கங்களையும் அவர்தான் பழக்கினார். தரையில்தான் உட்கார வேண்டும். நாற்காலி என் மாதிரி முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும். பாட்டு நடக்கும்போது வந்தவர்கள் முடியும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். கை தட்டக் கூடாது. இது தெரியாமல் முதல் தடவை நான் பள்ளி ஆண்டு விழாவில் தட்டுகிற மாதிரி படபடவென்று தட்டிவிட்டேன். "இன்னா டீச்சர் மா, பரிசு குடுக்கப் போறீங்களா?" என்று அவர் கேட்க, நீயும் அப்பாவும் உருண்டு உருண்டு சிரித்தீர்கள். நன்றாக இருந்தால் வாய்விட்டு "வாஹ்" என்று ஒரு சொல், அது போதும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார். "இங்க பாடுனது இங்கயே. வெளியில போயி அந்தாளு அப்டிப் பாடுனாரு, இந்தம்மா இப்டி அழுதாங்கன்னு பேசக்கூடாது. பேசிட்டா அடுத்த வாரம் எவனும் மனச தொறந்து பாட மாட்டான்." நான் தலையாட்டினேன். நன்றாகத் தலையாட்டினேன்.

நீ வளர்ந்ததே அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஹார்மோனியத்தில் உனக்குக் கட்டை காட்டிக்கொடுத்தவர் அவர். உனக்குக் குரல் உடைந்து கரகரத்த வயதில் நீ பாட மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, "ஒடஞ்சா ஒடஞ்ச மாதிரியே பாடு நைனா, இங்க யார் உனக்கு மார்க் போடறது?" என்று உட்கார வைத்தவர் அவர். மார்க் போடுகிற ஆள் நான்தான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். ஹோலி ஃபேமிலி படத்துக்குக் கீழே அவருக்கென்று ஒரு தொப்பி எப்போதும் ஆணியில் தொங்கும். நாலரை மணிக்கு அவர் பக்கத்திலிருக்கும் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வரும்வரை அப்பா கிட்டாரைத் தொட மாட்டார். எங்கள் கல்யாண நாளை எங்கள் சொந்தக்காரர்கள் மறந்தாலும், அவரும் மும்தாஜ் அக்காவும் மறந்ததில்லை.

மும்தாஜ் அக்கா அவர் மனைவி. அவர்கள் இறந்தபிறகு யூசுப் மாமா இரண்டு வருஷம் வாயைத் திறந்து பாடவே இல்லை. வருவார், வாசிப்பார், போவார். நீ அப்போது கோயம்புத்தூர்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம். விடுமுறைக்கு வந்திருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காமலேயே அவர் பாட ஆரம்பித்தார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. மும்தாஜ் அக்கா அவரைக் கிண்டல் செய்யத் தாமே கட்டிய பாட்டு. "ஊரு சட்டைக்கெல்லாம் காஜா போட்டே, உன் சட்டைக்கு ஊக்கு மாட்டிக்கினு போறியே" என்று ஆரம்பிக்கும். காஜா என்றால் பொத்தான் துளை, உனக்குத் தெரியும். ஊருக்கே பொத்தான் தைக்கிற மனிதர் தன் சட்டையில் பொத்தான் விழுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு போவாராம். சிரித்துக்கொண்டேதான் பாடினார். இரண்டாவது தடவை "ஊக்கு" என்கிற இடத்தில் குரல் நின்றது. அப்புறம் அழுதார். அழுதுகொண்டே, ஹார்மோனியத்தை விடாமல், அந்த அடியை முடித்தார். என் ஜென்மத்தில் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை.

நான் அதை, யாரும் கவனிக்காமல், என் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மகனே, அதை நான் ஏன் எடுத்தேன் என்று கேட்டால் அன்பினால் என்று சொல்லத்தான் ஆசை. பொய். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சக டீச்சர், மயிலாப்பூர்க்காரி, ஒவ்வொரு மார்கழிக்கும் சபா சீசன் பாஸை விசிறி மாதிரி விரித்துக் காட்டுவாள். "உங்களுக்கெல்லாம் சர்ச்ல ஆர்கன்தானே" என்று ஒருநாள் சொன்னாள். அது எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது. அவள் பாஸ் வாங்கிப் போய்க் கேட்கிறாள், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடுகிறார்கள் பார் என்று காட்ட வேண்டியிருந்தது. டீச்சர்கள் குரூப்பில் அனுப்பினேன். "எங்கள் வீட்டு மெஹ்ஃபில்" என்று கீழே எழுதினேன். வெறும் பெருமை. வேறொன்றுமில்லை.

யாரோ யாருக்கோ அனுப்பினார்கள். எவனோ ஒரு வேலையற்றவன் அவர் அழுகிற இடத்தில் சிரிப்புச் சத்தத்தை ஒட்டி மறுபடி சுற்றவிட்டான். பத்தே நாளில் ராயப்பேட்டைக்கே வந்து சேர்ந்தது. கடைக்கு முன்னால் பைக்கில் போகிற பயல்கள் "ஊக்கு பாய்!" என்று கத்திவிட்டுப் போனார்கள். துணி கொடுக்க வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மும்தாஜ் அக்கா தன் புருஷனுக்காக மட்டும் கட்டிய பாட்டை மார்க்கெட்டே பாடியது. எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வந்து நின்றபோதுதான் தெரியும்.

நீ கோயம்புத்தூருக்குத் திரும்பிப்போன மறுவாரம் அது. அப்பா பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தார். யூசுப் மாமா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "யார் மா அத்த வெளிய வுட்டது?" என்றார். கத்தவில்லை, முறைக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி உண்மையைக் கொட்டியிருப்பேனோ என்னவோ. "பையன்தான்... தெரியாம பண்ணிட்டான், விளையாட்டுப் புத்தி" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. நீ ஊரில் இல்லை, பதில் சொல்ல வர மாட்டாய், உன்னை அவருக்கு உயிர், மன்னித்துவிடுவார் என்று அந்த ஒரு நொடியில் என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. கணக்கில் நான் கெட்டிக்காரி அல்லவா. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவனா? சரி வுடு மா" என்றார். ஆணியில் தொங்கிய தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. ஏன் என்று கேட்ட அப்பாவிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

ஆம், நான்தான். உன் பெயரைச் சொன்னவள் நான்.

அடுத்த லீவில் நீ சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாய். அரை மணியில் அதே துணியோடு திரும்பி வந்தாய். "வேலை நிறைய இருக்காம், வேற கடை பாத்துக்கோன்னுட்டாரும்மா. என்கிட்ட என்ன கோவம் அவருக்கு? நான் என்னம்மா பண்ணேன்?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்தபடியே, "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருப்பாங்க. விடு" என்றேன். பழி போட்டதைவிட இதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. அது பயத்தில் வாய் தவறியது என்று வைத்துக்கொண்டாலும், இதை நிதானமாக, குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னேன். அதற்கப்புறம் நீ ஹார்மோனியத்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

சாமியார் முன்னால் முட்டிபோட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லாமல் இருப்பேனா? நாலு தடவை சொன்னேன். முதல் மூன்று தடவை பழைய சாமியார். ஒரு ஜெபமாலை, இரண்டு ஜெபமாலை என்று அபராதம் கொடுத்து அனுப்பிவிட்டார், நானும் முழுசாகச் சொல்லாமல் "அடுத்தவர்மேல் பழி போட்டேன்" என்று பொதுவாகத்தான் சொன்னேன். போன ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன் புதிதாக வந்த சின்னச் சாமியாரிடம் போனேன். அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். விவரமாகச் சொல்ல வைத்துவிட்டு, "டீச்சர், அவர்கிட்ட சொன்னீங்களா? உங்க மகன்கிட்ட?" என்றது. இல்லை என்றேன். "ஆண்டவருக்கு இது முன்னாடியே தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றது. எனக்கு வந்ததே கோபம்! என் மாணவனாக இருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். அப்படியே பாஸ்காவும் போயிற்று, நான் சொல்லவில்லை. அப்புறம்தான் உன் அழைப்பிதழ் வந்தது. யூசுப் மாமா இல்லாமல் அந்த வார்த்தையைப் போட்டு நாலு பேரை உட்கார வைத்தால் அது வேறு எதுவோ. அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்து, "அடிப்பாவி" என்றார். இத்தனை வருஷமும் அவர் நீதான் செய்தாய் என்று நம்பி, உன்னிடம் கேட்காமல், மனதுக்குள்ளேயே மன்னித்து வைத்திருந்தாராம். மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "கிளம்பு, நானும் வரேன்" என்று நின்றார். வேண்டாம், செய்ததைத் தனியாகத்தானே செய்தேன் என்று ஆட்டோ பிடித்தேன்.

கடை அப்படியேதான் இருக்கிறது. அவருக்குத்தான் தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஒரு சுடிதாருக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. "வாங்க மா" என்று ஸ்டூலில் கிடந்த துணியை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினது நான். பையன் இல்ல. அவன் மேல பழியப் போட்டுட்டேன்."

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "தெரியும் மா" என்றார்.

"தெரியுமா? எப்போ தெரியும்?"

"நீங்க சொன்ன அன்னிக்கே."

அவர் மேஜை டிராயரைத் திறந்து போனை எடுத்தார். ஏதோ தேடி, என் முன்னால் நீட்டினார். அதே வீடியோ. சிரிப்புச் சத்தம் ஒட்டாத, நான் எடுத்த படம். வெட்கத்தில் நான் ஒன்பது வருஷமாக அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் யாரிடமோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார். "மும்தாஜ் பாட்டு இதுல மட்டுந்தானே மா கீது. அப்பால நானே பாட முடியல" என்றார். படம் ஓடியது. அவர் பாடுகிறார். அவர் பக்கத்தில், இடது கை ஓரமாக, சம்மணம் போட்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். அவர் குரல் நின்ற இடத்தில் உன் கை எழுந்து அவர் முதுகில் படிகிறது. படம் முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கிறது. "படத்துக்குள்ள உக்காந்துகினு கீறவன் எப்டி மா படம் எடுப்பான்?" என்றார் யூசுப் மாமா. கணக்கு டீச்சர் போட்ட கணக்கின் லட்சணத்தைப் பார்த்தாயா!

"தெரிஞ்சும் ஏன் அவன அப்படித் திருப்பி அனுப்பினீங்க? அவன் என்ன பாவம் பண்ணான்?" என்று, ஏதோ எனக்கு நியாயம் கேட்க உரிமை இருப்பது மாதிரி, நான் கேட்டேன். அவர் சுடிதாரை மடியில் வைத்துக்கொண்டார். "வீடியோ மேட்டர் கெடக்குது மா. நாலு மாசத்துல ஜனம் வேற எவனையாவது பாத்து சிரிக்கப் போயிடுச்சு. இவன் துணிய எடுத்துகினு வந்து நிக்கறான். 'மாமா, இன்னா கோவம்'னு கேக்கறான். நான் வாயத் தொறந்தா இன்னா வரும்? 'உங்கம்மா உன்ன மாட்டி வுட்டுட்டா நைனா'ன்னு வரும். பெத்தவளப் பத்தி புள்ள காதுல அத்த போட்டுட்டு நான் எங்க போயி நிக்கறது? அதான் வேல கீதுன்னுட்டேன். அவன் திரும்பிப் போனான் பாருங்க, அந்த முதுக இன்னிக்கும் பாத்துகினுதான் கீறேன்."

நான் அழுதேன். ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, நன்றாக அழுதேன். கைக்கு எட்டிய துணியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். "ஐய, அது கஸ்டமர் துணி மா! சாயம் வேற போவும்" என்று பிடுங்கிக்கொண்டு தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். உன் கல்யாணத்தைச் சொன்னேன், பெண் ஃபோட்டோவைக் காட்டினேன். "நல்லா கீதே பொண்ணு! பாடுமா?" என்றார். நீங்களே வந்து கேளுங்கள், முந்தின நாள் மெஹ்ஃபில் என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில் வந்தது, கேட்டுக்கொள்.

"வரேன் மா. ஆனா மொதல்ல அவனுக்குத் தெரியணும். என்னாண்ட சொன்னது பாதிதான். அவன் தெரியாம என் பக்கத்துல வந்து உக்காந்தான்னா நான் இன்னான்னு பாடுவேன், நீங்க இன்னான்னு கேப்பீங்க? கூட்டம் வேணா சேரும்." அவ்வளவுதான் சொன்னார். சுடிதாரை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதோ, சொல்லிவிட்டேன். சொன்னவுடன் எனக்குக் கிடைத்த நிம்மதியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தப்பு செய்தவளுக்கு நிம்மதி, படிக்கிற உனக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், நிம்மதியாகத்தான் இருக்கிறது. கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டுமாம், உன் அத்தை நினைவுபடுத்தினாள். எனக்கு இருக்கிற யோக்கியதைக்கு இரண்டே விஷயம்தான் சொல்ல முடியும். நாளைக்கு உன் மனைவி உன் முன்னால் மட்டும் சிரிப்பாள், உன் முன்னால் மட்டும் அழுவாள், அபஸ்வரமாக ஏதாவது பாடுவாள். அழகாக இருக்கும், ஊருக்குக் காட்டலாம்போல இருக்கும். காட்டாதே. பெருமைக்காகக்கூட, அம்மாவுக்குக்கூட. இன்னொன்று, மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் இல்லாதவர் பெயர்தான் வாயில் முதலில் வரும். அது பெரும்பாலும் நம்மிடம் அதிகப் பிரியம் வைத்திருப்பவர் பெயராக இருக்கும், அவர்தான் பொறுத்துக்கொள்வார் என்று நமக்குத் தெரியும் பார். அந்த நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொள். அன்று நான் அதைச் செய்யவில்லை.

என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. போன் பண்ணித் திட்டு. "விடும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே, குறைந்தது ஒரு வாரத்துக்காவது. அந்த அழைப்பிதழ் வரி இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்பதும் உன் இஷ்டம். அச்சகத்துக்காரனிடம் அப்பா வியாழக்கிழமைவரை டைம் வாங்கி வைத்திருக்கிறார்.

பெங்களூரிலிருந்து நீ வருகிற அன்று அப்பா ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று நிற்பார், நான் தடுத்து வைக்கிறேன். சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோவை நேராக வீட்டுக்கு விடச் சொல்லாதே, ராயப்பேட்டை மார்க்கெட்டுக்கு விடச் சொல். மத்தியானம் இரண்டு மணிவரை கடையில் இருப்பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட்டு வா, நாங்கள் சாப்பிடாமல் இருக்கிறோம். அவரிடமிருந்து உன்னைப் பறித்தவள் நான். அதனால் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் பார்.

அம்மா